துவக்கு இல்லாத விண்கலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வார இறுதிப் பதிப்பில் வளர்ந்தவர்களின் விளையாட்டுச் சாமான் மோகம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நாற்பது, ஐம்பது வயதுக்காரர் பலர், உற்பத்தி நிறுத்தப்பட்ட பழைய லெகோப் பெட்டிகளை, அதாவது ஒன்றோடொன்று பூட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் துண்டுகள் உள்ள பெட்டிகளை, பெருங்காசு கொடுத்து வாங்கி அலுமாரியில் அடுக்கிவைக்கிறார்கள், அதிலும் விண்வெளிப் பெட்டிகளுக்குத்தான் கிராக்கி அதிகம் என்று கட்டுரையாளர் நையாண்டியாக எழுதியிருந்தார். நையாண்டி பிழையில்லை. வாங்கிய பெட்டியைத் திறக்காமலே வைத்திருக்கிற ஆக்களை எனக்கும் விளங்குவதில்லை. ஆனால் கடைசிப் பந்தியில், இந்த ஏக்கமெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு உரியது, எங்கள் பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கேள்வி போட்டிருந்தார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் வரும். வெட்டுவதென்றால் நடுவில் உள்ள என் குடும்பக் கதையை வெட்டுங்கள். கடைசியில் உள்ள வேண்டுகோளில் கைவைக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உள்ள கரவெட்டியில் பிறந்து, எட்டு வயதில் டென்மார்க்குக்கு வந்து, ஹேர்னிங் நகரில் வளர்ந்தவன் நான். லெகோ நிறுவனம் இருக்கும் பில்லுண்ட் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட தூரம். இந்தப் பக்கத்தில் லெகோ என்பது வடமராட்சியில் பனங்கொட்டை மாதிரி. எந்த வீட்டுக் கோடிக்குள் போனாலும் கொஞ்சம் கிடக்கும். ஆகவே எனக்கு இந்த ஏக்கம் வந்ததில் அதிசயம் இல்லை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நான் ஏங்குகிற அந்தச் சாமான் என் கைக்கு வரும்போதே கடைகளில் இல்லாமற் போயிருந்தது. அது எப்படி என்று சொல்ல முன்னர், கட்டுரையாளர் மேலோட்டமாகத் தாண்டிப்போன சில விபரங்களைச் சொல்லவேண்டும்.

கை கால் அசைகிற, மஞ்சள் முகத்தோடு சிரிக்கிற சின்ன லெகோ ஆள் 1978 இல்தான் வந்தார். அவரை வடிவமைத்தவர் யென்ஸ் நீகோ குனூட்சன் என்ற டெனிஷ்காரர். 2020 இல் காலமானார். அந்தச் சின்ன ஆளை விண்வெளிக்கு அனுப்பிய வரிசையை உருவாக்கியவரும் அவரே. 1979 இல் ஐரோப்பாவில் 928 என்ற இலக்கத்தோடும் அமெரிக்காவில் 497 என்ற இலக்கத்தோடும் வந்த கலக்சி எக்ஸ்புளோரர்தான் அந்த வரிசையின் பெரிய கலம். 338 துண்டுகள். நீலமும் சாம்பலும் கலந்த உடம்பு, மஞ்சள் நிறத்தில் ஒளி ஊடுருவும் கண்ணாடி. செட்டையில் எல்எல் 928 என்ற எழுத்து. சிவப்பு உடுப்பில் இரண்டு பேர், வெள்ளை உடுப்பில் இரண்டு பேர். எல்லோர் நெஞ்சிலும் பொன்னிறக் கோளும் அதைச் சுற்றிப் பறக்கும் சிவப்புக் கலமும். நிலவின் குழிகள் உள்ள ஒரு சாம்பல் தட்டும், சின்னக் கட்டுப்பாட்டு அறையும் கூட வரும். கலத்தின் பின்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டி வண்டி நிற்கும். இந்தக் கதவை மனதில் வைத்திருங்கள்.

பிறகு மஞ்சள் உடுப்புக்காரர் வந்தார்கள். 1984 இல் நீலமும் கறுப்பும் வந்தன. ரொக்கட் ஏற்றும் லொறி, ஆய்வுகூடம், ராடர் வண்டி, நாலு கால் இயந்திரம் என்று வரிசை நீண்டது. கவனிக்கவேண்டியது என்னவென்றால், 1987 வரைக்கும் இந்த விண்வெளியில் யாரும் யாருக்கும் எதிரி இல்லை. எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே சிரிப்பு. உடுப்பின் நிறம் மட்டும் வேறு. போர்ச் சாமான் செய்வதில்லை என்று அந்த நிறுவனம் நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தது. இந்த வரிசையில் அந்தப் பிடிவாதம் அப்பழுக்கில்லாமல் நின்றது.

இனி என் கதை. அப்பா 1986 இல் டென்மார்க்குக்கு வந்தார். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டதும் அம்மாவையும் என்னையும் எடுப்பதற்கு மனுப் போட்டார். சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. ஆனால் 1987 இல் அன்றைய நீதி அமைச்சர், இலங்கைத் தமிழரின் குடும்ப மனுக்களை ஓரமாக வைக்கும்படி தன் அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். இங்கே "தமிழர் வழக்கு" என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற விடயம் அது. 1989 இல் விடயம் வெளியே வந்தபோது, கம்பளத்துக்குக் கீழே எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று பிரதமர் போல் ஸ்லூட்டர் பாராளுமன்றத்தில் சொன்னார். விசாரணை அறிக்கை வந்த 1993 ஜனவரியில் அவரே பதவி விலகவேண்டி வந்தது. 1995 இல் அந்த அமைச்சருக்குத் தண்டனைத் தீர்ப்பும் வந்தது. பல டெனிஷ்காரருக்குத் தமிழர் என்றவுடன் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். (எங்கள் வீட்டில் கம்பளத்துக்குக் கீழே கிடந்தது லெகோ மட்டுமே. அம்மாவின் காலைக் கேட்டால் சொல்லும்.)

காரணம் தெரியாமலே அப்பா காத்திருந்தார். துணித் தொழிற்சாலையில் இரவு வேலை. இன்னும் சில தமிழ் ஆக்களோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தார். எல்லோரும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். ஒரு சனிக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனவர், ஐஸ்கிரீம் வாளி ஒன்று நிறைய லெகோத் துண்டுகளைச் சில குரோனருக்கு வாங்கிக்கொண்டு வந்தார். விற்ற அம்மா, தன் பெடியள் வளர்ந்துவிட்டார்கள், இனி இதைத் தொடமாட்டார்கள் என்று சொன்னாராம். கணக்குப் பார்த்தால் சரிதான். 1979 இல் விண்கலம் வாங்கிய பிள்ளைக்கு 1987 இல் மீசை அரும்பியிருக்கும்.

பெட்டி இல்லை. எப்படிக் கட்டுவது என்று காட்டும் புத்தகமும் இல்லை. வாளிக்குள் கிடந்தது அந்தக் கலக்சி எக்ஸ்புளோரர்தான் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அதை மகன் வந்த நாளில் அவனே பிரிக்கட்டும் என்று அலுமாரிக்கு மேலே வைத்ததாகத்தான் அப்பா முதலில் சொல்லிவந்தார். உண்மை வேறு. அவரோடு இருந்த அங்கிள் ஒருவர் பிறகு கனடாவுக்குப் போய் ஸ்காபரோவில் இருக்கிறார். ஒரு கலியாணவீட்டில் அவர்தான் எனக்கு விபரமாகச் சொன்னார். வேலை இல்லாத இரவுகளில் அந்த வாளியைக் குசினி மேசையில் கவிழ்த்துக் கொட்டி, நாலைந்து பெரிய ஆம்பிளைகள் சுற்றி இருந்து கட்டிப் பார்ப்பார்களாம். ஒருத்தர் கணக்கு வாத்தியார், ஒருத்தர் சங்கக்கடை முகாமையாளர். பின்பகுதி இறுகிப்போய்க் கழராமல் இருந்தது. அதை அப்படியே விட்டு, முன்பக்கத்தை மட்டும் தங்கள் பாட்டுக்கு மாற்றி மாற்றிக் கட்டினார்கள். கடைசியில் அது எயர் லங்கா விமானம் மாதிரி வந்ததாம். அதில்தான் மனிசி பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்று பகிடி விட்டுச் சிரிப்பார்களாம். சங்கக்கடை முகாமையாளர் மட்டும் சிரிக்காமல், ஆசனம் காணாது, இன்னும் நீட்டவேண்டும் என்பாராம்.

அந்த அங்கிள் தன் மகளுக்கென்று ஒரு வெள்ளை ஆளைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதனால் என் வாளியில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆள் இப்போதும் ஸ்காபரோவில்தான். திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். பேரப்பிள்ளை தராதாம்.

நாங்கள் 1989 கோடையில் வந்து சேர்ந்தோம். அப்பாவை எனக்கு முகம் தெரியாது என்று சொல்லமுடியாது, ஆனால் பழக்கம் இல்லை. வந்த அன்றே அவர் வாளியை இறக்கித் தந்தார். ஊரில் நான் விளையாடியது பனங்காய் வண்டிலும், நெருப்புப்பெட்டியில் செய்த ரெயிலும். எனவே துண்டு துண்டாக இருந்து ஒன்றைக் கட்டுவது எனக்குப் புதிதில்லை. புதிதாக இருந்தது வேறு விடயம். 1987 மே மாதக் கடைசியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது எனக்கு ஆறு வயது. வானத்தில் பறப்பவை பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஹெலி வந்தால் சுடும், பொம்மர் வந்தால் போடும். சத்தத்தை வைத்தே எது என்று சொல்லிவிட்டுப் பங்கருக்குள் ஓட எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவ்ரோ விமானத்தின் கதவைத் திறந்து பீப்பாக் குண்டைத் தள்ளிவிடுகிறார்கள் என்று பெரியாக்கள் கதைப்பதும் காதில் விழும்.

வாளியில் இருந்து வந்தது பறக்கிற சாமான் என்று செட்டையைப் பார்த்தவுடன் விளங்கியது. பின்பக்கம் கதவும் இருந்தது. திறந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்:

"அப்பா, குண்டு இதாலையோ போடுறது?"

"இது குண்டு போடுற பிளேன் இல்லை தம்பி."

"அப்ப துவக்கு எங்கை?"

"அதுவும் இல்லை. நாங்களும் தேடிப் பாத்தனாங்கள்."

வாளியின் அடியில் இருந்து குட்டி வண்டியை எடுத்து, அந்தக் கதவுக்குள் வைத்து மூடிக் காட்டினார். சரியாகப் பொருந்தியது. அது அவர்களே கண்டுபிடித்த ஒரே சரியான விடயமாம்.

கட்டுரையாளரின் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. டெனிஷ் பிள்ளைக்கு இது நிலவுக்குப் போகிற இன்னொரு விளையாட்டுச் சாமான். கதவு திறந்தால் குண்டு விழும் என்று நினைக்கிற பிள்ளைக்கு அது அவ்வளவு சின்ன விடயம் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மற்ற எவரையும்விட எங்களுக்குத்தான் சம்பந்தம் கூட என்பேன்.

அடுத்த வீட்டு டெனிஷ் பெடியனோடு சிநேகிதம் பிடிக்க எனக்கு மொழி தேவைப்படவில்லை, வாளி போதுமாக இருந்தது. அவனிடம் அந்த வருடம் கடைக்கு வந்த விண்வெளிப் பொலிஸ் பெட்டி இருந்தது. 1987 இல் கறுப்பும் மஞ்சளுமாகப் பிளாக்ட்ரோன் என்ற கூட்டம் வந்திருந்தது. 1989 இல் அவர்களைப் பிடிக்கப் பொலிஸ் வந்தது. நீலமும் கறுப்புமான கலங்கள், சிவப்புக் கண்ணாடி, உள்ளே கைதியோடு கழற்றி எடுக்கக்கூடிய சிறைக்கூண்டு. கூண்டு நல்ல வேலைப்பாடு; பொய் சொல்லக்கூடாது. ஒரு கலத்தில் இருந்து கழற்றி இன்னொன்றில் அப்படியே பூட்டலாம். ஆனால் விளையாடும்போது அவன் எப்போதும் பொலிஸ், நான் எப்போதும் பிளாக்ட்ரோன். அவனுடைய சாமான், ஆகவே அவனுடைய சட்டம். கூண்டுக்குள் இருப்பது எனக்கு அலுத்துப்போனது. என் வாளியைக் கொண்டுவந்தால் மட்டும் விளையாட்டு மாறும். என் மூன்று பேருக்கும் துவக்கும் இல்லை, கூண்டும் இல்லை, பிடிப்பதற்கு ஆளும் இல்லை. அப்படியென்றால் கதை எங்கிருந்து வரும்? வண்டி குழிக்குள் இறங்கும், ஒட்சிசன் முடியும், யாராவது ஒருத்தர் காணாமற் போவார், மற்ற இருவரும் தேடுவார்கள். 1990 ஜூனில் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கிய பிறகு, காணாமற் போகிற ஆள் கதை எங்கள் விளையாட்டில் கூடிவிட்டது. அந்தப் பெடியனுக்கு ஏன் என்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அக்கறையாகத் தேடுவான்.

அவனோடு இப்போதும் பழக்கம். எதிரி இல்லாவிட்டால் விளையாட்டுச் சப்பென்று போய்விடும், பிளாக்ட்ரோன்தான் விண்வெளியைக் காப்பாற்றியது என்று வாதாடுவான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே 1990 இல் எம்-ட்ரோன் என்று சிவப்பு நிறத்தில் ஒரு வரிசை வந்தது. காந்தம் வைத்த தூக்கிகள். பெட்டிகளைத் தூக்குவது, ஏற்றுவது, இறக்குவது, இவ்வளவுதான் அவர்களின் வேலை. பொலிசும் இல்லை, கள்ளரும் இல்லை. எங்கள் வகுப்பில் அதற்குத்தான் அடிபிடி. 1993 இன் பனிக்கோள் வரிசையும் அப்படித்தான். செம்மஞ்சள் இயந்திர வாளால் பனிக்கட்டி அறுப்பார்கள். பிள்ளைகளுக்கு எதிரி தேவை என்பது விற்கிற ஆக்களின் நம்பிக்கை என்றே நினைக்கிறேன்.

இன்னொரு விடயம், போகிற போக்கில். எல்லோருக்கும் முகம் மஞ்சள் என்பது எங்கள் போன்ற பிள்ளைகளுக்கு எவ்வளவு வசதி என்று யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. வகுப்பில் நான் ஒருத்தன்தான் கறுப்பு. லெகோவில் யாரும் வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. நாங்கள் யார் வேண்டுமானாலும் யாராகவும் இருக்கலாம். பிற்காலத்தில் உண்மையான தோல் நிறங்கள் வந்தன. அதற்கும் நியாயம் இருக்கிறது. எனக்கு மஞ்சளே போதுமாக இருந்தது.

பிறகு எல்லாம் படிப்படியாகக் குறைந்தது. 1987 இல் வந்த ஒற்றைத் தண்டவாள ரெயில், கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி, அதுவும் நின்றுபோனது. 1999 இல் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் பெட்டிகள் கடைக்கு வந்தன. வியாபாரத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம்; 1998 இல் நிறுவனம் வரலாற்றில் முதல் தடவையாக நட்டம் கண்டிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைகள் கேட்கிற விண்கலம் என்றால் சினிமாவில் வந்த சண்டைக் கலம் என்றாகிவிட்டது. சொந்தமாகச் செய்த விண்வெளி வரிசைகள் வந்து வந்து போயின. 2001 இல் செவ்வாய் கிரகத்து ஆக்கள் மனிதரோடு நட்பாக இருந்தார்கள். 2007 இல் அதே செவ்வாயில் வேற்றுக்கிரக ஆக்களோடு சண்டை. 2013 இல் பெரிய பெரிய பூச்சிகளோடு சண்டை. அத்தோடு அந்தப் பக்கம் ஓய்ந்தது. நகர வரிசையில் இடைக்கிடை வருகிற ரொக்கட்டுகளும் நிலவு வண்டிகளும் அமைதியானவைதான், அதை மறைக்கக்கூடாது. ஆனால் அவற்றில் பல நாசாவைப் பார்த்துச் செய்தவை. பெரியாக்களின் வேலைத்தலம் மாதிரி இருக்கும். பிள்ளையின் கற்பனைக்கு விட்ட இடம் குறைவு. 2004 அளவில் சாம்பல் நிறத்தையே மாற்றினார்கள். புதியது நீலம் கலந்த சாம்பல். பழைய துண்டோடு பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்ட சுவர் மாதிரித் தெரியும். சேர்ப்பவர்கள் இன்றைக்கும் "பழைய சாம்பல்" என்று தனியாக விலை பேசுவது அதனால்தான்.

2022 இல் நிறுவனத்துக்குத் தொண்ணூறு வயது. அதற்காகக் கலக்சி எக்ஸ்புளோரரைத் திரும்பச் செய்தார்கள். இலக்கம் 10497, 1,254 துண்டுகள், பழைய நீலம், மஞ்சள் கண்ணாடி, இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை, எல்லாம் அப்படியே. மிக அழகான வேலை. வாங்கினேன். பெட்டியின் முன்பக்கத்தில் 18+ என்று அடித்திருந்தது. என் மகளுக்கு ஒன்பது வயது. "இது எனக்கு இல்லையாம் அப்பா" என்று பெட்டியைத் திருப்பித் தந்தாள். அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தில் பாதிதான் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. 1979 இல் பிள்ளைகளுக்கென்று செய்த ஒரு சாமானை, அதே பிள்ளைகள் நரைத்த பிறகு, அவர்களுக்கே, அவர்களுக்கு மட்டும் என்று விற்பது என்ன நியாயம்? 2022 இல் வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை நூறு டொலருக்கு ஒரு சதம் குறைவாக இருந்தது. பிறந்தநாள் கூட்டத்துக்குப் போகிற பிள்ளை வாங்கிப் போகிற சாமான் இல்லை இது. 2025 இல் பிளாக்ட்ரோன் கலத்தையும் இப்படியே பெரியாக்களுக்கென்று கொண்டுவந்தார்கள். ஆக, எதிரியும் எங்களுக்குத்தான்.

பெட்டியில் அடித்திருப்பதைப் பார்க்காதே, கட்டு என்றேன். கட்டினாள், ஒரு சிக்கலும் இல்லை. இரண்டு நாள் அது அலுமாரியில் நின்றது. மூன்றாம் நாள் பாடசாலை விட்டு வந்து, அதைச் சுத்தமாகப் பிரித்து, நீலத் துண்டுகளால் தன் பூனைப் பொம்மைக்கு மாடி வீடு கட்டிவிட்டாள். மஞ்சள் கண்ணாடி எல்லாம் யன்னல். எனக்கு நெஞ்சு பக்கென்றது. அவளுடைய அம்மா சிரித்த சிரிப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. எயர் லங்கா கட்டிய ஆக்களின் பேரப்பிள்ளை வேறு என்ன செய்வாள்?

சேர்க்கிறவர்கள் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருப்பதில் எனக்கு உள்ள மனத்தாங்கலும் அதுதான். அந்தச் சாமான் ஒரு உருவத்தில் நிற்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. புத்தகம் இல்லாத வாளி எனக்குக் கிடைத்தது நல்லதாகப் போயிற்று. பெட்டியில் இருந்த படத்தை நான் முதன்முதலில் பார்த்தது இருபது வயதுக்குப் பிறகு. அப்போதுதான் தெரிந்தது, சரியான கலத்தை என் வாழ்நாளில் ஒரு நாளும் கட்டியதே இல்லை என்று.

இனி வேண்டுகோள். 1980களின் நடுப்பகுதியில் இருந்து டென்மார்க், நோர்வே, ஜேர்மனி, சுவிஸ் என்று வந்து குடியேறிய எங்கள் குடும்பங்கள் பலவற்றின் நிலவறையில் இப்படி ஒரு வாளி கட்டாயம் இருக்கும். பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்டார்கள். வீடு மாறும்போது அது குப்பைக்குப் போகிறது, அல்லது யாரோ ஒரு வியாபாரி நிறை பார்த்து வாங்கிப் போய், ஆட்களையும் மஞ்சள் கண்ணாடிகளையும் பொறுக்கி எடுத்து, தனித்தனியாக விற்கிறார். இரண்டையும் செய்யாதீர்கள். 1958 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டையின் அளவு இன்னும் மாறவில்லை. அன்றைய துண்டும் இன்றைய துண்டும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டும். 1963 இல் இருந்து பாவிக்கிற ஏபிஎஸ் பிளாஸ்டிக் இலேசில் கெடாது. உங்கள் பேரப்பிள்ளை நேற்று வாங்கிய பெட்டியோடு உங்கள் மகனின் 1985 ஆம் ஆண்டு ரொக்கட்டையும் சேர்த்துக் கட்டலாம்.

கழுவுவதென்றால் 40 பாகைக்கு மேற்படாத இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். கொதிதண்ணீரும் வேண்டாம், கோப்பை கழுவுகிற இயந்திரமும் வேண்டாம், வளைந்துவிடும். வெயில் பட்டு மஞ்சளித்துப்போன வெள்ளைத் துண்டுகளை, மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் அமிழ்த்தி வெயிலில் வைத்தால் நிறம் பெரும்பாலும் திரும்பும். அதைப் பெரியவர்கள் செய்யவேண்டும், பிள்ளைகள் கிட்டப் போகக்கூடாது. விண்வெளி ஆக்களின் ஹெல்மெட் நாடிப் பக்கத்தில் மெல்லியது, அநேகமாக அந்த இடத்தில் உடைந்திருக்கும். 2014 இல் வந்த லெகோ சினிமாப் படத்தில்கூட நீல ஆளுக்கு அந்த இடத்தில்தான் உடைவு காட்டினார்கள். அதை ஒட்ட முயலாதீர்கள். உடைந்ததைத்தான் பிள்ளைகள் முதலில் எடுக்கிறார்கள்.

நான் படிப்பிக்கிற வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் சிறியோர் வகுப்புக்கென்று ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறோம். என் வாளி அங்கேதான் இருக்கிறது. படிப்பு முடிந்து பெற்றோர் வரும்வரை பிள்ளைகள் கட்டுவார்கள், தமிழில் கதைப்பார்கள். கட்டியதைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும் என்பது மட்டும் விதி. போன கிழமை ஒரு பெடியன் நிலவில் கோயில் கட்டித் தேரும் இழுத்தான். இங்கே டென்மார்க்கில் பிரண்டா என்ற ஊரில் உள்ள அபிராமி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்வந்த கையோடு கட்டியது. தேரின் சில்லு அந்தக் குட்டி வண்டியின் சில்லு.

துண்டுகள் காணாது. குறிப்பாக நீலமும் பழைய சாம்பலும், குழி உள்ள நிலவுத் தட்டும் தேவை. கூண்டும் பிளாக்ட்ரோன் ஆக்களும் தந்தாலும் வாங்குவோம். என் வகுப்பில் அவர்களுக்கும் தேர் இழுக்கிற வேலைதான் கிடைக்கும். தர விரும்பும் வாசகர்கள் உங்கள் அலுவலகத்தோடு தொடர்புகொள்ள நீங்கள் இடம் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். மற்ற நாடுகளில் தமிழ்ப் பாடசாலை நடத்துபவர்களும் இதே மாதிரி ஒரு மேசை போடலாம். எப்படித் தொடங்குவது என்று கேட்டால் எழுதி அனுப்புகிறேன். வாளியைத் தபாலில் அனுப்புவதென்றால் மூடியை இறுக்கி ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
கரவெட்டியூரான்
ஹேர்னிங், டென்மார்க்